சங்கரதாஸ் சுவாமிகள் : வேடமும் விளைவும்

எமன் மேடையில் தோன்றிய காட்சியைக் கண்டு கருவுற்றிருந்த பெண்ணொருத்தி அச்சத்தால் கருச்சிதைவுற்றாள் என்றும், சனீசுவரன் வேடத்தோடு விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற நடிகரைக் கண்டு, துணி வெளுக்க வந்த மற்றொரு பெண் அவ்விடத்திலேயே உயிர்நீத்தாள் என்றும் தமிழ் நாடக உலகம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. இரண்டு வேடங்களையும் புனைந்தவர் ஒருவரே. நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளே அவர்.

நடிகர் கூடும் இடங்களில் இந்நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பெருமையாகவே பேசப்படுகின்றன. பார்த்தவர் உயிரையே பறிக்கும் அளவுக்கு நடித்தார் என்பதைக் காட்டிலும் ஒரு நடிகருக்கு வேறு நற்சான்று எதற்கு என்பது சொல்வோரின் எண்ணம். ஆனால் அந்த நற்சான்றைச் சுவாமிகள் பெற்றுக்கொள்ளவில்லை. அதனைத் தம் பழியாகவே கொண்டார். அவ்வேடங்களை விட்டார், நாளடைவில் நடிப்பையே விட்டார். தமிழ் நாடகத்தின் போக்கை மாற்றிய ஒரு வாழ்க்கைக்கு இந்த மறுப்பே திருப்புமுனையாயிற்று.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 7-9-1867 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரன் இராமாயணம் சொல்வதில் வல்லவர். ஊரார் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தனர். ஆகவே, கதையைக் கேட்டு ஊரே கண்ணீர் விடுவதைச் சிறுவயதிலேயே வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை அவர் என்று கொள்வதில் தவறில்லை. தந்தையிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பும் இலக்கணமுமாக விரிந்தது. பதினாறு வயதிற்குள் வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் எழுதும் திறம் கைவந்துவிட்டது. எனினும் வயிற்றுப்பாட்டிற்குத் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுத வேண்டியிருந்தது. வெண்பா எழுதிய கை உப்பு மூட்டைகளை எண்ணிக் கொண்டிருந்த அந்தச் சில ஆண்டுகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

தம் இருபத்து நான்காம் வயதில், 1891-இல், அவர் நாடகத்துறைக்கு வந்தார். அதே 1891-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தம் நண்பர்களோடு சுகுண விலாச சபையை நிறுவினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மாடம்பாக்கத்திலிருந்து சில கல் தொலைவே உள்ள பம்மலின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய சம்பந்தனாரும், தென்கோடிச் சீமையின் சங்கரதாசரும் ஒரே ஆண்டில் ஒரே கலைக்குள் இரு வேறு வாயில்களின் வழியே நுழைந்தனர். சம்பந்தனாரின் நாடகங்களை விக்டோரியா பொது மண்டபத்தில் அமர்ந்து பார்த்தவர்களுள் வழக்கறிஞரும் அலுவலரும் மிகுதி. மேடையில் மன்னனாக நிற்பவர் மறுநாள் காலை நீதிமன்றத்தில் வாதிடப்போகும் தம் நண்பரே என்பது அவர்களுக்குத் தெரியும். பொய்யே பேசாத அரிச்சந்திரனைத் தலைகீழாக்கி, மெய்யே பேசாத சந்திரஹரியைச் சம்பந்தனார் படைத்தபோது அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். அத்தகைய அவையில் எமனைக் கண்டு யாரும் உயிர்விட மாட்டார்கள்.

சங்கரதாசருக்கு வாய்த்த அவை வேறு. அவர் முதலில் சேர்ந்தது இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் நாடகக் குழு. ஊர் ஊராகக் கொட்டகை இட்டு, இரவு முழுவதும் ஆடும் குழுக்களின் காலம் அது. ஒலிபெருக்கி கிடையாது, கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமானால் நடிகன் அடிவயிற்றிலிருந்து குரலெழுப்ப வேண்டும். மின்விளக்கு இல்லாத இரவில் எண்ணெய் விளக்கின் ஆடும் ஒளியில் ஒவ்வொரு முகமும் இருமடங்கு பெரிதாகத் தெரியும். எதிரே தரையில் அமர்ந்திருந்தவர்களோ, பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டுப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். கதை அவர்களுக்கு முன்பே தெரியும். கதையில் வருவோரைத் தெரியும் என்பதைவிட, அவர்களை வணங்குவார்கள் என்பதே பொருந்தும்.

கம்பீரமான உடலும் இடிமுழக்கக் குரலும் கொண்ட இளைஞர் சங்கரதாசருக்கு இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்று அச்சம் தரும் வேடங்களே அமைந்தன. சத்தியவான் உயிரைக் கவரப் பாசக் கயிற்றை வீசிக்கொண்டு எமன் பாய்ந்து வரும் காட்சியில்தான் முதலிற் சொன்ன துயரம் நிகழ்ந்தது என்பர். நளனைப் பற்றிய கதையில் சனீசுவரனாக ஆடிய இரவின் முடிவில் மற்றது நேர்ந்தது. அக்காலத்துக் குழுக்களில் ஒப்பனையைக் கலைப்பதற்கென்று தனி இடமோ நீரோ பெரும்பாலும் இராது. ஆட்டம் முடிந்ததும் எண்ணெயும் மையும் அரிதாரமும் பூசிய உடலோடு குளத்தையோ ஏரியையோ தேடிப் போவது வழக்கம். அவரும் அவ்வாறே போனார். இருள் முற்றும் பிரியாத வேளை. கரையில் தம் வேலைக்கு வந்த பெண்ணின் முன் சனி நின்றான்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. உற்று நோக்கினால் இரண்டும் ஒன்றல்ல. முதற் பெண் நாடகம் பார்க்க வந்தவள். அவளுக்கும் எமனுக்கும் இடையே மேடை இருந்தது, திரை இருந்தது, ஆர்மோனியம் இருந்தது, பக்கத்தில் அமர்ந்திருந்த ஊரார் இருந்தனர். இத்தனையும் இருந்தும் அச்சம் அவற்றைக் கடந்து சென்றது. இரண்டாம் பெண்ணோ அவ்விடத்தில் நாடகம் பார்ப்பவளாக நிற்கவில்லை. நாடகம் என்னும் எல்லைக்கு வெளியே, தன் அன்றாட வாழ்வின் நடுவில் அவள் நின்றிருந்தாள். கற்பனை தானே எல்லை தாண்டி அவள் இடத்திற்கு வந்தது. சனி அவளுக்குக் கதைமாந்தன் அல்லன். ஏழரை ஆண்டு பிடித்து ஆட்டுபவன் என்று ஊரே அஞ்சுகின்ற, சனிக்கிழமைதோறும் எள் விளக்கேற்றி வணங்குகின்ற கோள். விடியலில் ஏரிக்கரையில் அவன் தனியே எதிரே வந்து நின்றால் அதனை வேடம் என்று உணர அவளுக்கு என்ன வழி இருந்தது? முதல் நிகழ்ச்சியைக் கலையின் மிகை என்று சொல்லிவிடலாம். இரண்டாவதில் கவனமின்மையும் கலந்திருக்கிறது. தம்மைக் குற்றவாளியாக்கிக் கொண்டபோது சுவாமிகள் எதனை மிகுதியாக எண்ணினாரோ, அந்த வேறுபாட்டை அவர் மனம் அறியாமலிருந்திருக்க முடியாது.

கிரேக்க நாட்டிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. கி.மு. 458-இல் ஏதென்சில் அரங்கேறிய ஈஸ்கிலஸின் நாடகமொன்றில், தாயைக் கொன்ற மகனைத் துரத்தும் பழிவாங்கும் தெய்வங்கள் குழுவாக மேடையில் நுழைந்தபோது, குழந்தைகள் மயங்கி விழுந்தன என்றும் பெண்களுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது என்றும் அவர் வாழ்க்கையைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்று கூறுகிறது. அறிஞர் பலர் அதனைப் பிற்காலக் கட்டுக்கதை என ஒதுக்குகின்றனர். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு நாடுகளில் ஏறக்குறைய ஒரே செய்தி சொல்லப்படுவதைக் கண்டு, தமிழ்ச் செய்தியையும் அவ்வாறே ஒதுக்கிவிடத் தோன்றலாம். சொல்வோர் வாயில் சற்று வளர்ந்திருக்கவும் கூடும். ஆயினும் ஈஸ்கிலஸ் அதன்பின் என்ன செய்தார் என்பதற்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை. இங்கோ, செய்தியைக் காட்டிலும் உறுதியாக நிற்பது அதற்குப் பின் ஒரு மனிதர் வாழ்ந்த முப்பதாண்டு வாழ்க்கை.

அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்களை எண்ணும்போது வருத்தும் தெய்வத்தையே முதலில் வைத்தார். கொடுவிலங்கும் கள்வரும் தம் இறையும் அதற்குப் பின்னரே வருகின்றன. நடிகன் தெய்வமாகவும் நிற்கும் நாட்டில் இந்த வரிசைக்குத் தனிப் பொருள் உண்டு. மாடம்பாக்கத்தை உள்ளடக்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் பாரதக் கூத்து முடியும் நாளில், மண்ணாற் செய்த துரியோதனன் உருவம் படுகளத்தில் கிடக்க, பெண்கள் துடைப்பத்தால் அதனை அடிப்பதைக் காணலாம். அருச்சுனன் தவம் நிகழும்போது, தபசு மரத்தின் உச்சியிலிருந்து அருச்சுனனாக ஆடுபவர் எறியும் எலுமிச்சங்கனியைப் பிள்ளை வரம் வேண்டுவோர் மடியேந்திப் பெறுகின்றனர். மெலட்டூர் பாகவத மேளாவில் நரசிங்கர் முகமூடி பூசைக்குரியது. அதனை அணிபவர் நோன்பிருந்தே அணிகிறார். ஆவேசம் மிகும்போது அவரைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் அருகில் நிற்கின்றனர். நல்லதங்காளின் கதையைக் கேட்டு அழுத மக்கள், வத்திராயிருப்பை அடுத்த அருச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே கண்டனர். இவர்கள் எல்லாரும் கதையையும் வாழ்வையும் பிரித்தறியாத பேதையர் என்று நகர்ப்புறத்துப் படித்தவர் எளிதில் சொல்லிவிடுவர். துரியோதனனை அடிக்கும் பெண்ணுக்கு அது மண் என்று தெரியாதா? தெரிந்தே அடிக்கிறாள். வீட்டில் ஓங்க முடியாத கை அங்கே ஓங்குகிறது. கதைக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள எல்லை, இம்மக்களுக்குச் சுவரன்று, ஆற்றங்கரை போன்றது. நீர் ஏறும், இறங்கும். ஏறும் நாளில் கரையில் நிற்பவரைக் காப்பது யார் பொறுப்பு என்பதே வினா.

பிளேட்டோ தம் இலட்சியக் குடியரசில் கவிஞர்களுக்கு இடமில்லை என்றார். பார்ப்பவன் தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்பார் கட்சியும் அன்றிலிருந்து இன்றுவரை உண்டு. சங்கரதாசர் இவ்விரு வழிகளிலும் செல்லவில்லை. நாடகத்தை அவர் பழிக்கவில்லை, தம்மையே அதிலிருந்து விலக்கிக்கொண்டார். சிறிது காலம் சாமி நாயுடுவின் குழுவில் சூத்திரதாரராகவும் ஆசிரியராகவும் இருந்தார். சூத்திரதாரர் என்பவர் கதைக்குள் இருந்தும் கதைமாந்தர் அல்லாதவர். வரப்போவது நாடகம் என்று அவைக்கு அறிவிப்பவர். எமனாக நின்றவர் இந்தப் பணிக்கு வந்தது வாய்ப்பின் செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பொருத்தமான செயல். பின்னர் அதனையும் விட்டுத் துறவு பூண்டு, தலந்தோறும் நடந்தார். சங்கரன் சங்கரதாஸ் சுவாமிகள் ஆனது அந்த நடையில்தான்.

அவர் அத்துடன் நின்றிருந்தால் தமிழுக்குப் பேரிழப்பாகியிருக்கும். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளை போல் வைத்துக்கொண்டார். இசையில் ஆழமும் தாளத்தில் நுட்பமும் அங்கே சேர்ந்தன. நண்பர் வற்புறுத்த மீண்டும் நாடகத்திற்கு வந்தார். இம்முறை ஆசிரியராக வந்தார். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் முதலியோர் குழுக்களுக்கு எழுதியும் பயிற்றியும் வந்த அவர், 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே தொடங்கினார். பிற்காலத்தில் தமிழகத்தையே தம் குரலால் ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா சிறுவராய்ப் பயின்றது அங்கேதான்.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், அரிச்சந்திரன், சாரங்கதரன், பிரகலாதன், இலவகுசா, சதி அனுசூயா என்று ஏறத்தாழ நாற்பது நாடகங்கள் அவருடையவை. அதற்குமுன் தெருக்கூத்தாகவும் கீர்த்தனையாகவும் சிதறிக் கிடந்த கதைகள், இன்ன காட்சிக்கு இன்ன பாட்டு, இன்ன உரையாடல் என்று வரையறை பெற்றன. குறளும் நாலடியும் பிற அறநூல் கருத்துகளும் பாடலுக்குள் இயல்பாக வந்து அமர்ந்தன. இலக்கியம் படிக்க வாய்ப்பில்லாத பல்லாயிரவருக்குத் திருக்குறள் முதன்முதலில் காதில் விழுந்தது அவர் நாடகத்தின் வழியாகத்தான் என்றால் மிகையன்று. புலவர்கள் இன்றும் அவர் நாடகங்களை இலக்கிய வரலாற்றில் ஓரிரு வரிகளில் கடந்துபோவது நியாயமன்று.

அவர் எழுத்தின் தனிச்சிறப்பு தருக்கம். வள்ளியும் நாரதரும் வாதிடுவர். வேடனாக வந்த முருகனும் வள்ளியும் வாதிடுவர். ஒவ்வொரு வாதமும் நாழிகைக் கணக்கில் நீளும். அவை அஞ்சி ஒடுங்க இடமில்லை. யார் வெல்வார் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். சத்தியவான் சாவித்திரியில் இது உச்சம் பெறுகிறது. கயிற்றோடு வந்த எமனை ஒரு பெண் வழிமறித்துச் சொல்லுக்குச் சொல் எதிர்நின்று, வரம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று, தருமத்தை அவனுக்கே எடுத்துச் சொல்லி, கணவனின் உயிரை மீட்கிறாள். கதை பழமையானது, பாரதத்திலேயே உள்ளது. எனினும் எமனாக நின்று ஒரு பெண்ணை நடுங்கவைத்த மனிதர், அதே எமனைப் பெண்ணொருத்தியின் முன் பேச்சிழந்து நிற்கும்படி எழுதினார் என்பதை எண்ணாமல் அந்த நாடகத்தைப் படிக்க இயலவில்லை. பெயர் எங்கும் பதிவாகாத அந்தப் பெண்ணுக்கு அவர் செலுத்திய கடன் என்று இதனைக் கொள்ளலாமா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது.

கதை வாழ்வுக்குள் புகும்போது எப்போதும் கேடே விளைவிப்பதில்லை. ராஜ்கோட்டில் சிறுவராயிருந்த காந்தியடிகள் அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்துவிட்டு, மனத்துக்குள் எண்ணற்ற முறை அதனை நடித்துப் பார்த்ததாகத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவருக்கும் அக்கதை வெறும் கதையாக இல்லை. அரிச்சந்திரன் பட்ட துன்பத்தை நினைத்து அழுதிருக்கிறார். சுவாமிகளின் வள்ளி திருமணமும் பிற்காலத்தில் இவ்வாறு எல்லை தாண்டியது. தியாகி விசுவநாத தாஸ் முருகனாக மேடையேறி, தினைப்புனத்துக் காட்சியில் வெள்ளைக் கொக்கை ஓட்டும் பாட்டைப் பாடியபோது, எந்த வெள்ளையரை ஓட்டச் சொல்கிறார் என்பது தரையில் அமர்ந்திருந்தவர்க்கும் தெரியும், வாயிலில் நின்ற காவலர்க்கும் தெரியும். அவர் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தோடே மேடையில் அவர் உயிர் பிரிந்தது.

சுவாமிகள் இதனையெல்லாம் காண இருக்கவில்லை. வயது வந்த நடிகர்கள் எழுதியதை விட்டுத் தம் விருப்பம்போல் பேசுவதையும், மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கிப் பூசலிடுவதையும் கண்டு சலித்து, கட்டுப்பாடுள்ள சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் முறையை அவர் வளர்த்தார். 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தனர். பின்னாளில் ஔவை சண்முகம் எனப் புகழ்பெற்ற டி. கே. சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு. அந்தப் பிள்ளைக்காக அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் பாட்டும் உரையுமாகச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். பாலர் சபைகளில் கடுமை உண்டு, அடியும் உண்டு. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து ஊர் ஊராகக் கொண்டுசென்ற அந்த முறையில் குறைகள் இல்லை என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் மேடைத் தமிழின் உச்சரிப்பும் ஒழுங்கும் அப்பள்ளியில்தான் உருவாயின. எமனாக நின்ற சிறுவனின் மெல்லிய குரலுக்கு எந்தத் தாயும் அஞ்சியிருக்க மாட்டாள், இரங்கியிருப்பாள்.

1921-இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. கையும் காலும் முடங்கின. கொட்டகையை அதிரவைத்த குரல் நின்றது. சபை அவரை விட்டுவிடவில்லை. அவரும் சபையை விட்டு விலகவில்லை. முகாம் மாறும்போதெல்லாம் உடன் சென்றார். பேச இயலாத ஆசிரியரின் முன் பிள்ளைகள் அவர் சொற்களைப் பேசிக்கொண்டிருந்தனர். 13-11-1922 அன்று புதுச்சேரியில் அவர் மறைந்தார்.

அவருடைய நாடகங்கள் மதுரை, புதுக்கோட்டை வட்டாரச் சிற்றூர்த் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரில் தொடர்ந்து ஆடப்பட்டு வருகின்றன. சத்தியவான் சாவித்திரி ஆடும் இரவுகளில் பபூனின் வேடிக்கையும் காதற் காட்சியும் முடிந்து எமன் மேடைக்கு வர நெடுநேரமாகும். வந்ததும் தருக்கம் தொடங்கும். உறங்கிவிட்ட பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு பெண்கள் அதனைக் கேட்டிருப்பார்கள். எமன் தோற்றுத் திரும்பும்போது பொழுது புலர்ந்திருக்கும்.